ரூஃப் கான்கிரீட்டுக்கு 11 கியூபிக் மீட்டரா, 18-ஆ? வர்ற சனிக்கிழமை தளம்

ஹொரமாவு_வீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் ஹொரமாவுல 30-க்கு 40 சைட்டுல வீடு கட்டிட்டு இருக்கோம். லேபர் கான்ட்ராக்ட்தான். கம்பி, சிமெண்ட், ஜல்லி, எம் சாண்ட் எல்லாம் நாங்களே வாங்கிக் கொடுக்கறோம். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. அதனால சைட்டை நான்தான் பார்த்துக்கறேன். பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்கறவ, அதனால கூட்டல் பெருக்கல்ல எனக்கு சந்தேகம் இல்ல. எதை எதைக் கூட்டணும்ங்கறதுலதான் சந்தேகம்.

வர்ற சனிக்கிழமை கிரவுண்ட் ஃப்ளோர் ரூஃப். டிராயிங்ல எம்25 (கான்கிரீட்டோட பலத்தைச் சொல்ற கிரேடு) போட்டிருக்கு, பிளாண்ட்ல கலந்து வர்ற ரெடிமிக்ஸ், அதாவது ஆர்.எம்.சி. வண்டிதான் வரப்போகுது. மேஸ்திரி, "18 கியூபிக் மீட்டர் சொல்லிடுங்க மேடம்"னு சொல்லிட்டு சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகற வரைக்கும் தாங்கற ஷீட்டும் முட்டும்) வேலைக்குப் போயிட்டார். நான் ராத்திரி உக்காந்து போட்டுப் பார்த்தேன். தளம் 27 அடிக்கு 34 அடி, 918 சதுர அடி. கனம் 5 இஞ்ச். பெருக்கினா 382.5 கன அடி. 35.3-ஆல வகுத்தா 10.83 வருது. 11-னே வெச்சுக்கலாம். 18 எங்கிருந்து வருது?

மத்த விவரம்: பீம் எல்லாம் 9-க்கு 15 இஞ்ச், நான் டேப் பிடிச்சு அளந்ததுல மொத்த நீளம் 227 அடி. மாடிப்படிக்கு 7-க்கு 14 அடி திறப்பு, டக்ட் (பைப் போற திறப்பு) ஒண்ணு 3-க்கு 4. டாய்லெட்டுக்கு சன்கன் கிடையாது, எல்லாம் ஒரே மட்டம். படியில கீழ்ப்பக்கமும் நடு லேண்டிங்கும் போன மாசமே போட்டாச்சு, மேல் பக்கத்தை தளத்தோட சேர்த்து ஊத்தறாங்களாம்.

7 கியூபிக் மீட்டர் வித்தியாசம்னா ஒரு வண்டிக்கு மேல. காசு போறது ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்து கிராஸ்ல ஒரு வீட்டுக்கு கான்கிரீட் பத்தாமப் போச்சு. அடுத்த வண்டி வந்து சேர ராத்திரி பத்து மணி. இப்போ மழை பெஞ்சா அவங்க ஹால் நடுவுல ஒரே கோடா, ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி ஒழுகுது. அதைப் பார்த்ததுல இருந்து எனக்குத் தூக்கம் சரியா இல்ல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, தயவுசெஞ்சு.


பேகூர்_அப்பா எழுதியது:

மேடம், தளம் மட்டும் போட்டிருக்கீங்க, பீம் சேர்க்கல. அதான் 11. பீமையும் சேர்த்துட்டு பத்து பெர்சன்ட் கூட வெச்சு ஆர்டர் கொடுத்துடுங்க. குறையறதுக்கு கூடுறது மேல்.

ஆனா ஒண்ணு, மிச்சமானா என்ன பண்ணுவீங்கன்னு முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கோங்க. எங்களுக்குக் கிட்டத்தட்ட 2 கியூபிக் மீட்டர் மிஞ்சுச்சு. வண்டிக்காரர் திருப்பி எடுத்துட்டுப் போக மாட்டேன்னுட்டார். வேற வழியில்லாம கேட்டுக்கு முன்னாடி கொட்டிப் பரப்பிட்டோம். மழைத் தண்ணி வாட்டம் மாறி, ஒரு வருஷம் கழிச்சு அதை உடைக்க மறுபடி செலவு பண்ணினேன்.


தங்கவயல்_சைட்காரர் எழுதியது:

தங்கச்சி, உங்க கணக்குல தப்பு இல்ல, விட்டுப்போனது இருக்கு. மேஸ்திரி கணக்குல விட்டுப்போனது இல்ல, ரெண்டு தடவை வந்தது இருக்கு. ரெண்டையும் பிரிச்சுக் காட்டறேன்.

நான் கே.ஜி.எஃப்., அதான் கோலார் தங்கவயல் ஆள். 2001-ல மைன்ஸ் மூடினதும் எங்க ஏரியாப் பசங்க எல்லாரையும் போல காலை ட்ரெயின் பிடிச்சு பங்காருபேட்டை வழியா பெங்களூருக்கு வேலைக்கு வந்தவன். சைட் சூப்பர்வைசரா இருபது வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. எத்தனை ரூஃப் போட்டேன்னு எண்ணி வெச்சுக்கல. ஆனா ஒவ்வொரு ரூஃபுக்கும் முந்தின நாள் ஒரு தாள்ல கணக்கு எழுதாம இருந்ததில்ல.

முதல்ல தளம். 918 சதுர அடியில படித் திறப்பு 98, டக்ட் 12 கழிங்க. 808. அதை 5 இஞ்ச்சால பெருக்கினா 336.7 கன அடி, 9.53 கியூபிக் மீட்டர்.

அடுத்து பீம். இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. டிராயிங்ல 9-க்கு 15-னு இருந்தா, அந்த 15 தளத்தோட மேல்மட்டத்துல இருந்து பீமோட அடி வரைக்கும் உள்ள உயரம். அதுல மேல் 5 இஞ்ச் தளத்துக்குள்ளயே இருக்கு, அதைத் தளத்துலயே எண்ணியாச்சு. தளத்துக்குக் கீழ தொங்கற 10 இஞ்ச் மட்டும்தான் பீம் கணக்கு. முக்கால் அடி அகலம், 10 இஞ்ச் உயரம், 227 அடி நீளம்: 141.9 கன அடி. 4.02 கியூபிக் மீட்டர்.

படியோட மேல் பக்கம்: 7 இஞ்ச் ஏத்தம், 10 இஞ்ச் மிதி, மூணேகால் அடி அகலம், 9 படின்னு வெச்சுக்கறேன். சரிவு நீளம் எட்டரை அடி. 5 இஞ்ச் கனத்துல அந்தச் சரிவுப் பலகையும், அது மேல முக்கோணமா நிக்கற படிகளும் சேர்த்து 18.6 கன அடி. அரை கியூபிக் மீட்டர்னு சொல்லலாம், 0.53.

மூணையும் கூட்டினா 14.08. கம்பி அடைக்கற இடத்தைக் கழிக்க வேண்டாம், யாரும் கழிக்கறதில்ல, மொத்தத்துல ஒரு பெர்சன்ட் அளவுதான் அது.

இப்போ உங்க மேஸ்திரியோட 18. திறப்பு எதையும் கழிக்காம தளம் 10.83. பீமை முழு 15 இஞ்ச் உயரத்துக்குப் போட்டா 6.03. ரெண்டும் சேர்ந்து 16.86. அது மேல ஏழு பெர்சன்ட் போட்டுப் பாருங்க, 18 வந்து நிக்கும். இப்படித்தான் போட்டிருப்பார்னு நினைக்கறேன். ஏமாத்தறார்னு எடுத்துக்காதீங்க. கான்கிரீட் குறைஞ்சா ஓனர் கிட்ட திட்டு வாங்கறது அவர்தான், அதனால அவர் கை தானா மேல போகும்.

பேகூர் சார் சொன்ன பத்து பெர்சன்ட்ல எனக்கு உடன்பாடு இல்ல, சார் தப்பா நினைக்க வேண்டாம். கூடுதலா ஒரு கன அடி வாங்கினாலும் அது எந்த இடத்துக்குப் போகுதுன்னு பேர் சொல்லத் தெரியணும். ரூஃப்ல கூடுதல் போற இடம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு பம்பு பைப். அஞ்சு இஞ்ச் பைப், 35 மீட்டர் ஓட்டினா உள்ளயே 0.43 கியூபிக் மீட்டர் நிக்கும். இன்னொண்ணு சென்ட்ரிங் தொய்வு. இது டிராயிங்ல தெரியாது, உங்க சைட்டுல மட்டும்தான் தெரியும். 808 சதுர அடியில கால் இஞ்ச் தொய்ஞ்சா 0.48 கியூபிக் மீட்டர், அரை இஞ்ச்னா கிட்டத்தட்ட 1. பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா குடிக்கறது இதுதான்.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. 2008-ல ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு சைட். 1,400 சதுர அடி தளம். டிராயிங்கைப் பார்த்து பைசா சுத்தமா கணக்குப் போட்டேன், சென்ட்ரிங் மேல ஏறி அளக்கல. உள்ளே பேஸ்மெண்ட் நிரப்பின மண்ணு சரியா கெட்டிக்கல, அதுமேலதான் முட்டு நின்னுச்சு. முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. முட்டுக்கு அடியில வெச்ச பலகை மண்ணுக்குள்ள இறங்கிடுச்சு. மேல நின்னு பார்த்தா ஷீட் எல்லாம் நேராத்தான் தெரிஞ்சுது. சராசரி அரை இஞ்ச் இறங்கினதுல 1.65 கியூபிக் மீட்டர் முழுங்கிடுச்சு. கடைசி மூலையில கான்கிரீட் இல்ல. மணி சாயங்காலம் ஏழு. பக்கத்து சைட்டுல மூட்டை கடன் வாங்கி கையால கலந்து ஊத்தினோம். பழசு அதுக்குள்ள இறுகிடுச்சு. அந்த வீட்டம்மா ரெண்டு மழைக்காலம் எனக்கு போன் பண்ணினாங்க. ஒரு தடவை கூட கோவமா பேசல, "தம்பி, மறுபடி ஈரம் தெரியுதுப்பா"ன்னு மட்டும் சொல்வாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல.

அதுக்கப்புறம் நான் மாறினது இப்படி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பி கட்டி முடிஞ்சதும் நீங்களே மேல ஏறுங்க. பில்லர் கம்பியில தளத்தோட மேல்மட்டத்துக்கு டேப் சுத்தி மார்க் பண்ணியிருப்பாங்க. அந்த மார்க்கைப் பிடிச்சு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் நைலான் நூல் இழுத்துக் கட்டுங்க, நல்லா விறைப்பா. நூல்ல இருந்து கீழ ஷீட் வரைக்கும் டேப் வெச்சு அளந்து, அந்த இடத்துலயே ஷீட் மேல சாக்பீஸ்ல எழுதிட்டே போங்க. நாலடிக்கு ஒண்ணு போதும். ஓரத்துல 5 வரும். நடுவுல 5¼, 5½-னு வரும். எங்கயாவது 6 வந்தா உடனே கீழ இறங்கி அந்த இடத்துல முட்டா நிக்கற இரும்பு ஜாக்கியைப் பாருங்க. எங்கப்பா மைன்ஸ்ல டிம்பர் வேலை பார்த்தவர். முட்டுக்கட்டையைத் தட்டினா கணீர்னு கேக்கணும்பார், தொளதொளன்னு கேட்டா அது சும்மா நிக்குதுன்னு அர்த்தம். இரும்பு ஜாக்கியோ நீலகிரி மரமோ, நான் இன்னமும் ஒவ்வொண்ணா சுத்தியால தட்டித்தான் பார்க்கறேன்.

அந்த 14.08, பைப்புக்கு 0.43, கால் இஞ்ச் தொய்வுக்கு 0.48, கூட்டினா 15. ஆர்டர் 15-னு சொல்லுங்க. மூணு வண்டியில 6, 6, 3. ஆனா மூணாவது வண்டியோட அளவை முன்னாடியே உறுதி பண்ணாதீங்க. ரெண்டாவது வண்டி பாதி இறங்கும்போது மேல ஏறி, மிச்சம் இருக்கற தளத்தையும் பீமையும் டேப் வெச்சு அளந்து அப்போ சொல்லுங்க. முழுசா இறங்கற வரைக்கும் காத்திருந்தா இந்த ஊர் ட்ராஃபிக்குல அடுத்த வண்டி வர்றதுக்குள்ள முதல்ல ஊத்தினது இறுகிடும்.


கலவை_இன்ஜினியர் எழுதியது:

அண்ணன் சொன்ன முறைதான் சரி. நான் ஒரு ஆர்.எம்.சி. பிளாண்ட்ல தரக்கட்டுப்பாடு பிரிவுல வேலை பார்க்கறேன். அந்தப் பக்கத்துல இருந்து சில விஷயங்களைச் சேர்த்துக்கறேன்.

டிரம்முக்குள்ள எவ்வளவு இருக்குன்னு வெளியில இருந்து பார்க்க முடியாது. அதனால எடைதான் வழி. எம்25 கான்கிரீட் ஒரு கியூபிக் மீட்டர் சுமார் 2,400 கிலோ இருக்கும். 6 கியூபிக் மீட்டர் வண்டின்னா சரக்கு மட்டும் 14.4 டன். வண்டியோட காலி எடையையும் ஏத்தின எடையையும் காட்டற வே-பிரிட்ஜ் சீட்டைக் கேளுங்க. சலானோட பேட்ச் ரிப்போர்ட்டும் கேட்டு வாங்குங்க. அதுல சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணி ஒவ்வொண்ணும் எத்தனை கிலோ விழுந்துச்சுன்னு இருக்கும். கேக்கறது உங்க உரிமை, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

நேரத்தைக் கவனிங்க. ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4926-படி வண்டியில ஏத்தினதுல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறக்கி முடிக்கணும். ஏத்தின நேரம் சலான்லயே இருக்கும், வண்டி வந்ததும் முதல்ல அதைப் பாருங்க. காலை மாலை நெரிசல் நேரத்துல பெரிய வண்டியை விட மாட்டாங்க. அதனால உங்க ரோட்டுக்கு எத்தனை மணிக்கு வர முடியும்னு வியாழக்கிழமையே பேசி வெச்சுக்கோங்க. மூணாவது வண்டிக்குக் கடைசி நேரத்துல அளவு சொல்வோம்னும் அப்பவே சொல்லிடுங்க. சின்ன லோடுக்குக் கூடுதல் கட்டணம் உண்டான்னு கேட்டுக்கோங்க, பல இடத்துல உண்டு.

எங்க வேலையிலயே என்னை ரொம்ப வருத்தற விஷயம் ஒண்ணு. பம்புல கெட்டியா வருதுன்னு யாராவது ஹோஸைத் தூக்கிட்டு வந்து டிரம்முல தண்ணி விடுவாங்க. தயவுசெஞ்சு விடவே விடாதீங்க. நாங்க கிலோ கணக்குல பார்த்துப் பார்த்துப் போட்ட தண்ணி அது. சைட்டுல பத்து நிமிஷ வசதிக்காக ரெண்டு பக்கெட் ஊத்தினா, 28 நாள் கழிச்சு, சோதனைக்கு ஊத்தி வெச்ச கான்கிரீட் கியூபை உடைக்கும்போதுதான் அது தெரியும். அப்போ யாரும் தளத்தைத் திருப்பி எடுக்க முடியாது. கெட்டியா இருந்தா பிளாண்டுக்கு போன் பண்ணுங்க, எங்க ஆள் வந்து, தண்ணி இல்லாமலே இளக வைக்கற அட்மிக்சர் போட்டு சரி பண்ணுவார்.

கியூப்: உங்க அளவுக்கு, அதாவது 6-ல இருந்து 15 கியூபிக் மீட்டர் வரைக்கும், ஐ.எஸ். 456 ரெண்டு சாம்பிள் எடுக்கச் சொல்லுது. சாம்பிளுக்கு மூணு கியூப், ஆக 6. வேற வேற வண்டியில இருந்து எடுங்க.

இன்னொண்ணு, செலவைக் குறைக்க "ஆர்.எம்.சி. எதுக்கு, ஒண்ணு ஒன்றரை மூணுல நாங்களே கலந்துடறோம்"னு சைட்டுல யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3-ங்கற அந்த விகிதம் எம்20 வரைக்கும்தான். எம்25-க்கு லேப்ல சோதிச்சு அளவு முடிவு பண்ற டிசைன் மிக்ஸ் வேணும்.


ஹொரமாவு_வீடு எழுதியது:

அண்ணா, கண் கலங்கிடுச்சு. ஒரு ராத்திரியில எனக்கு இவ்வளவு கணக்கு யாரும் போட்டுக் கொடுத்ததில்ல. கலவை இன்ஜினியருக்கும் ரொம்ப நன்றி.

மேஸ்திரிகிட்ட பக்குவமாக் கேட்டேன். சட்டைப் பையில இருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்துக் காட்டினார். பின்பக்கம் பேனாவுல எழுதியிருந்தது நீங்க சொன்னதேதான்: தளம் முழுசு, பீம் 15 இஞ்ச், அது மேல ஏழு பெர்சன்ட். நான் 10 இஞ்ச் கணக்கைக் காட்டினதும் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துட்டு நின்னார். அப்புறம், "ஒரு ஓனர் வீட்டுல அரை மூலை குறைஞ்சு போய் என் கூலியில பிடிச்சாங்க மேடம். அன்னையில இருந்து இப்படித்தான் போடறேன்"னு சொன்னார். நூல் கட்டி அளக்கறதை மறுக்கல, அவரே வந்து பிடிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கார்.

ஒரு சந்தேகம். கான்கிரீட் குறைஞ்சே போயிடுச்சுன்னா எங்க நிறுத்தணும்?


தங்கவயல்_சைட்காரர் எழுதியது:

நல்ல மனுஷன், அவரை விடாதீங்க.

குறையாது. ஆனா பம்பு ரிப்பேர் ஆகலாம், மழை வரலாம், அதனால தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. பீமை ஒட்டி நிறுத்தவே கூடாது. ரெண்டு பீமுக்கு நடுவுல, ஸ்பானோட நடுப்பகுதியில ஒரு பலகையைச் செங்குத்தா நிறுத்தி, அது வரைக்கும் நேரா முடிக்கணும். சரிவா வழிய விட்டுட்டு வரக்கூடாது. மறுநாள் அந்த முகத்தைக் கொத்தி, ஒயர் பிரஷ் போட்டு, கழுவி, சிமெண்ட் பால் பூசிட்டு அடுத்ததை ஊத்தணும். நான் ஒயிட்ஃபீல்டுல இதுல ஒண்ணுமே செய்யல, அவசரத்துல பீம் ஓரத்துலயே சரிவா விட்டுட்டேன். உங்க பக்கத்து கிராஸ் வீட்டுலயும் அப்படித்தான் நடந்திருக்கணும்.

மிச்சத்துக்கும் இடம் தயார் பண்ணி வைங்க. சம்ப் மூடி மூணு எப்படியும் தேவைப்படும், வெள்ளிக்கிழமையே அச்சு அடிச்சு, கம்பி கட்டி வெச்சுடுங்க. துணி துவைக்கற மேடைக்கும் ஒரு சட்டம் அடிச்சு வைங்க. பேகூர் சாருக்கு வந்த கஷ்டம் உங்களுக்கு வராது.


பேகூர்_அப்பா எழுதியது:

அண்ணா, தப்பா நினைக்கவே இல்ல. இதை ரெண்டு வருஷம் முன்னாடி படிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும். மேடம், முடிஞ்சதும் எவ்வளவு இறங்குச்சுன்னு கண்டிப்பா எழுதுங்க.


ஹொரமாவு_வீடு எழுதியது:

முடிஞ்சுது. சனிக்கிழமை ராத்திரி ஒடம்பு அசந்துட்டதால இன்னைக்குத்தான் எழுதறேன்.

வெள்ளிக்கிழமை நூல் கட்டி 40 இடத்துல அளந்தோம். ஹால் நடுவுல ரெண்டு இடத்துல 5¾, ஒரு ரூம் மூலையில ஒரு இடத்துல 6. மேஸ்திரி கீழ இறங்கி ஒவ்வொரு ஜாக்கியா தட்டினார், நான் மேல நின்னு கேட்டேன். அந்த 6-க்கு நேர் கீழ இருந்த ஜாக்கி மட்டும் வேற சத்தம், எனக்கே தெரிஞ்சுது. அடியில வெச்சிருந்த செங்கல் விரிஞ்சிருந்தது. பலகை மாத்தி, ஜாக்கியைத் திருகி ஏத்தின பிறகு மறுபடி அளந்தோம். சராசரி 5¼-ல வந்து நின்னுச்சு. சாக்பீஸ் எழுத்தெல்லாம் கம்பிக்கு நடுவுல தெரிய, போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்.

முதல் வண்டி பதினொண்ணேகாலுக்கு வந்துச்சு. பூசணிக்காய் உடைச்சு ஆரம்பிச்சோம். சலான்ல ஏத்தின நேரம் 10.20. எடைச் சீட்டுல சரக்கு 14 டன்னுக்கு மேல, கணக்கு சரியா இருந்துச்சு. ரெண்டாவது வண்டி பாதி இறங்கும்போது மேல ஏறினேன். மிச்சம் 328 சதுர அடி தளம், 83 அடி பீம், அப்புறம் படி. 5¼ இஞ்ச்சுக்கு 143.5, பீமுக்கு 51.9, படிக்கு 18.6, ஆக 214 கன அடி. 6.06 கியூபிக் மீட்டர். வண்டியில இன்னும் 3 இருக்கு. அப்படின்னா வேணுங்கறது 3 தான். கான்கிரீட் ஆளுங்க பாண்டு மாத்தி மாத்தி கொடுக்கறதுக்கு நடுவுல, மிக்சர் சத்தத்துல, கையிலயே எழுதிப் போட்ட கணக்கு அது. போன்ல "மூணு அனுப்புங்க"ன்னு சொன்னப்போ என் குரல் நடுங்கல.

ஒருத்தர் ஹோஸைத் தூக்கிட்டு வண்டிகிட்ட வந்தார். நான் சொல்றதுக்கு முன்னாடியே மேஸ்திரி வாங்கிக் கீழ போட்டுட்டார்.

நாலரைக்கு முடிஞ்சுது. கடைசி மூலை சரியா நிறைஞ்சுது. பைப்புல இருந்து தள்ளினது சம்ப் மூடி மூணுக்கும் துவைக்கற மேடைக்கும் போச்சு. ரோட்டுல ஒரு சட்டி கூட விழல. கேங்குல இருந்த எல்லாருக்கும் பிரியாணி போட்டோம், அதுல பாதிப் பேர் ராய்ச்சூர்க்காரங்க, மீதி திருவண்ணாமலைப் பக்கம். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிச்சு வந்து ஈரத்தளத்தை ஏணியில நின்னு பார்த்துட்டே இருந்தார்.

ரெண்டு கேள்வி மிச்சம் இருக்கு அண்ணா. மேல் மாடி லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல ஓடற கான்கிரீட் பட்டை) 6-க்கு 6 இஞ்ச், 140 அடி நீளம், அது எம்20-ன்னு போட்டிருக்கு, சைட்லயே கலக்கறாங்க. எத்தனை மூட்டை இறக்கணும்? அப்புறம் முட்டு எப்போ பிரிக்கலாம்? சென்ட்ரிங்காரர் ஏழு நாள்ல கேக்கறார்.


தங்கவயல்_சைட்காரர் எழுதியது:

படிச்சுட்டு எங்க வீட்டம்மாகிட்டயும் படிச்சுக் காட்டினேன் தங்கச்சி. ரொம்ப சந்தோஷம்.

லிண்டல்: அரை அடிக்கு அரை அடி, 140 அடி, 35 கன அடி. அது ஒரு கியூபிக் மீட்டர்தான். எம்20-க்கு ஒரு கியூபிக் மீட்டருக்கு 8 மூட்டை, எம் சாண்ட் 15 கன அடி, ஜல்லி 30 கன அடி. கைக்கு ஒண்ணு கூட வெச்சு 9 மூட்டை இறக்குங்க. மணலையும் ஜல்லியையும் பாண்டுல எண்ண விடாதீங்க, ஆளுக்கு ஆள் குவியல் மாறும். ஒரு அடிக்கு ஒரு அடி, உயரம் 15 இஞ்ச்னு ஒரு மரப்பெட்டி அடிச்சுக்கோங்க. அது சரியா ஒரு சிமெண்ட் மூட்டை அளவு. மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூணு பெட்டி. தண்ணி மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல போகக்கூடாது, மணல் ஈரமா இருந்தா இன்னும் குறைக்கணும்.

முட்டு: ஏழு நாள் கணக்கு ஸ்பான் 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள தளத்துக்கு, அதுவும் சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கு. பீமுக்கு அதுவே 14 நாள். ஆர்.எம்.சி.ல ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலந்திருந்தா இறுக இன்னும் நேரம் எடுக்கும். நானா இருந்தா 21 நாள் பீம் அடியில யாரையும் கை வைக்க விட மாட்டேன். ஜாக்கி வாடகை கூடுதலாக் கேட்டா கொடுத்துடுங்க. தளத்து மேல பாத்தி கட்டி 14 நாள் தண்ணி நிக்கட்டும். காலையில ஸ்கூலுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை மேல ஏறிப் பாருங்க, ஓரத்துப் பாத்திதான் முதல்ல காயும்.